ஒரு கணுவிலிருந்து ஒரு மூங்கில் தோப்பு

லெமாங் சுடும் மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். சந்தையில் விற்கும் ரெபோங் எனும் மூங்கில் குருத்தையும் பார்த்திருப்பீர்கள். மூங்கில் விதையைப் பார்த்ததுண்டா?

மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது. ஆனால், பல வகை மூங்கில்கள் பூப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வடகிழக்கு இந்தியாவின் மிசோராமில் ஒரு வகை, சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒன்றாகப் பூத்து, விதை தந்து, மடிந்துவிடும். 1958-59இல் பூத்தது, மறுபடி 2006-07இல்தான் பூத்தது. வீட்டோரம் வளரும் மஞ்சள் மூங்கில் பூப்பதே அரிது. விதைக்காகக் காத்திருக்க முடியாது என்பதால்தான், தண்டிலிருந்தே கன்று உருவாக்குகிறார்கள்.

தண்டை வெட்டி நடுதல்

மூங்கில் கணுவை உற்றுப் பாருங்கள். அங்கே சிறிய மொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். இது பூமொட்டு அன்று, கிளைவிடும் மொட்டு. இதுதான் புதிய செடியின் தொடக்கம்.

ஓராண்டு முதல் இரண்டாண்டு வயதுள்ள தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிக இளந்தண்டு அழுகிவிடும். முதிர்ந்த தண்டில் மொட்டுகள் வீரியம் இழந்திருக்கும். இரண்டு கணுக்கள் உள்ள துண்டாக வெட்டி, ஈரமான மணலில் படுக்க வைத்து, மெல்லிய மண்ணால் மூடுங்கள். கணுக்களுக்கு இடையே துளையிட்டு, உள்ளே நீர் ஊற்றி அடைத்து வைப்பதும் உண்டு.

சில வாரங்களில் தளிர் வரும். உடனே வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள்! தண்டில் சேமித்த உணவைக் கொண்டே அந்தத் தளிர் வளர்கிறது. பிறகு வேரும், அதன்பின் நிலத்தடித்தண்டும் உருவாக வேண்டும். நிலத்தடித்தண்டு இல்லாத கன்றால் புதிய மூங்கில்களை எழுப்ப முடியாது. தடித்த சுவருள்ள மஞ்சள் மூங்கில் எளிதில் வேர்விடும். மெல்லிய சுவருள்ள லெமாங் மூங்கில் அவ்வளவு எளிதில் வேர்விடாது.

கண்ணாடிக் குடுவையில் மூங்கில்

தண்டுத் துண்டுகள் கனமானவை. ஒரு புதரிலிருந்து குறைவாகவே கிடைக்கும். ஆயிரக்கணக்கில் கன்றுகள் தேவை என்றால் திசு வளர்ப்பு கைகொடுக்கும்.

மொட்டுள்ள சிறு கணுவைக் கிருமிநீக்கம் செய்து, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் கூழில் வைப்பார்கள். முராஷிகி, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட கலவை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேர்த்தால் பல தளிர்கள் பிரியும். அவற்றைப் பிரித்து ஆக்சின் சேர்த்த கூழுக்கு மாற்றினால் வேர்விடும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தளிர் மாதந்தோறும் மூன்றாகப் பெருகினால், ஆறு மாதத்தில் 729 தளிர்கள்!

ஆனால், குடுவையில் வளர்ந்த இலைகளில் நீரிழப்பைத் தடுக்கும் மெழுகுப் படலம் மெலிதாகவே இருக்கும். வெயிலில் வைத்தால் வாடிவிடும். எனவே, ஈரப்பதம் மிகுந்த கூடாரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

தாயின் வயது முக்கியம்

இரண்டு முறைகளிலும் கிடைப்பவை தாயின் நகல்களே. தாயின் நல்ல குணங்கள் அப்படியே வரும். அதனுடன் பூக்கும் கடிகாரமும் வரும்! தாய்ப்புதர் பூக்கும் காலத்தை நெருங்கியிருந்தால், நேற்று நட்ட கன்றும் அதனோடு பூத்து மடியக்கூடும். 1990களில் தாய்லாந்தில், குருத்துக்காக வளர்த்த பெத்தோங் மூங்கில்கள் பரவலாகப் பூத்து மடிந்தன. விவசாயிகளின் வருமானமும் போயிற்று.

இந்தக் கடிகாரத்தை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்கிறார்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர், இளநீரும் சைட்டோகைனினும் சேர்த்த கூழில் மூங்கிலைச் சில மாதங்களிலேயே பூக்க வைத்ததாக 1990இல் அறிவித்தார்கள். கடிகாரத்தின் முள்ளை நகர்த்த முடியும் என்பதற்கு இது சான்று.

பள்ளித் தோட்டத்தில் நீங்கள் மூங்கில் நடுவதாக இருந்தால், ஒரே புதரிலிருந்து எல்லாத் துண்டுகளையும் எடுக்காதீர்கள். வெவ்வேறு இடங்களின் புதர்களிலிருந்து எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு கன்றிலும் எழுதி வையுங்கள். ஒன்று பூத்து மடிந்தாலும் மற்றவை நிற்கும்.