பஞ்ச்சுக்குப் புளிப்பு எங்கே?

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடுவோம். வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள், பழ பஞ்ச் போடலாம் என்று மாம்பழம், அன்னாசி, சாத்துக்குடி எல்லாம் வாங்கி வருகிறோம். அரைத்து, வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் கலக்கியாயிற்று. நிறம் அருமை. வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. கை உடனே சர்க்கரை டப்பாவுக்குப் போகிறது. இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்துப் பார்த்தால் திகட்டல்தான் கூடுகிறது, சப்பு அப்படியே இருக்கிறது.

ஏறக்குறைய எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான். சப்பென்று இருந்தால் இனிப்பு போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் போதாமல் இருப்பது புளிப்பு. ரசம் சப்பென்று இருந்தால் வெல்லத்தையா தேடுகிறோம்? புளியையும் உப்பையும்தானே பார்க்கிறோம். பழச்சாற்றிடம் மட்டும் ஏனோ அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை.

மாங்காயிலிருந்து தொடங்குவோம். காயாக இருக்கும்போது அதில் மாவுச்சத்தும் அமிலமும் நிறைய. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாகிறது, அமிலம் குறைகிறது. வாழை, பப்பாளி, சப்போட்டாவிலும் நன்றாகக் கனிந்த பிறகு புளிப்பென்று சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இருப்பதில்லை. அத்தனை இனிப்பையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் இனிப்பு தனியாளாக நின்று பழத்தின் மணத்தை மூடிவிடுகிறது. நாக்கில் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று அடக்கிவைக்கும். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் இனிப்பு கொஞ்சம் பின்வாங்கும், மாம்பழம் மாம்பழமாகத் தெரியும்.

சாத்துக்குடியை நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. எலுமிச்சைக்கு உறவுதான், ஆனால் புளிப்பு மிகக் குறைவு. அதையும் இனிப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கவும் செய்யும். ஜூஸ் கடையில் உடனே குடித்துவிடச் சொல்வது அதனால்தான்.

புளிப்பு எவ்வளவு வேண்டும்? கரீபியக் கடலில் உள்ள பார்படாஸ் தீவில் இதற்கு ஒரு பழைய அளவு இருக்கிறது. பாட்டு மாதிரியே சொல்லி வைத்திருக்கிறார்கள். புளிப்பு 1 பங்கு, இனிப்பு 2, ரம் 3, தண்ணீர் 4. புளிப்பு என்றால் எலுமிச்சை, இனிப்பு என்றால் சர்க்கரைக் கரைசல். மேலே ஜாதிக்காய் துருவல். கரும்புத் தோட்டங்களும் ரம்மும் உள்ள தீவு, அதனால் ரம். ஆனால் பஞ்ச் என்ற பானம் அங்கே பிறந்ததாகத் தெரியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் நம் பக்கத்துச் சாராயத்தில் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து குடித்தார்கள். 1632ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே அதன் பெயர் வருகிறது.

அந்த 4 பங்கு தண்ணீருக்குப் பதிலாக நாம் பழச்சாறு ஊற்றப்போகிறோம். சாற்றிலேயே சர்க்கரை இருப்பதால் சர்க்கரைக் கரைசலைப் பாதியாக்கிவிடலாம். ஆக எலுமிச்சைச் சாறு 100 மில்லி, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்தது 100 மில்லி, அன்னாசியும் மாம்பழமும் சேர்ந்த சாறு 400 மில்லி. மீதி 300 மில்லிக்கு ரம், அல்லது அதன் இடத்தில் வேறொன்று.

அந்த வேறொன்று என்ன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரம் அங்கே போதைக்காக மட்டும் இல்லை. தொண்டையில் ஒரு காரம், கொஞ்சம் கசப்பு, இனிப்பை வெட்டும் ஒரு முனை, இவையும் அதன் வேலைதான். அதை எடுத்துவிட்டு சோடாவை ஊற்றினால் அந்த இடம் காலியாகவே இருக்கும். கொஞ்சம் தூக்கலாகப் போட்டு ஆறவைத்த கட்டன் சாயாவை ஊற்றிப் பாருங்கள். தேயிலையின் துவர்ப்பு அந்த முனையைக் கொடுக்கும். ஒரு கரண்டி இஞ்சிச் சாறு காரத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை உப்பும் போடலாம்.

நேரம் இருந்தால் முதலில் ஒரு வேலை. ஆரஞ்சுத் தோலைக் கழுவி, மேலே உள்ள வண்ணத் தோலை மட்டும் தோல்சீவியால் மெல்லியதாக எடுங்கள். உள்ளே உள்ள வெள்ளை கசக்கும், அது வரக் கூடாது. கரைசலுக்கான சர்க்கரையை அதன்மேல் போட்டு, கரண்டியின் அடியால் அழுத்தி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். திறக்கும்போது சர்க்கரை ஈர மணலாகியிருக்கும், பாத்திரத்தின் அடியில் எண்ணெய் பளபளக்கும். ஆரஞ்சின் வாசனையில் பெரும்பகுதி அந்த எண்ணெயில்தான். அதிலேயே தண்ணீரை ஊற்றிக் கரைத்து வடித்துக்கொள்ளலாம். எலுமிச்சையை மட்டும் கடைசியில் பிழியுங்கள்.

ருசி பார்ப்பது குளிர்ந்த பிறகு. குளிர்ச்சியில் இனிப்பு குறைவாகத் தெரியும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது இந்தக் காரணத்தால்தான். சின்னச் சின்ன ஐஸ் கட்டிகளை விட, டிபன் டப்பாவில் உறையவைத்த ஒரே பெரிய கட்டி நல்லது. வெளிப்பரப்பு குறைவு, மெதுவாகக் கரையும். பச்சை அன்னாசியோடு பாலைச் சேர்க்க வேண்டாம்: அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்கவைக்கும். சாற்றை ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

ரம் சேர்ப்பவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கலவையில் மூன்றில் ஒரு பங்கு அது. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருந்தால், ஐஸ் கரைவதற்கு முன் பஞ்ச்சில் சுமார் 14 சதவீதம், ஒயினுக்குக் குறைவில்லை. 180 மில்லி டம்ளரில் 60 மில்லி ரம் இருக்கும், பழமும் குளிரும் அதை நாக்குக்குக் காட்டாது. அதனால் நான் பெரிய பாத்திரத்தில் தேயிலைக் கலவையைத்தான் வைக்கிறேன். வேண்டும் என்கிறவர் டம்ளரில் 30 மில்லி அளந்து ஊற்றிக்கொள்ளலாம். குழந்தைகளும் வண்டி ஓட்டி வந்தவர்களும் பாத்திரத்திலிருந்து நேராக மொண்டு குடிக்கலாம்.