திரையும் பின்னணிப் படமும்

இணையப் பக்கத்தின் பின்னணிப் படம் எல்லாத் திரைக்கும் ஒருங்கே பொருந்துதல் அரிது. படத்தின் அகல உயர விகிதம் ஒன்று. திரைகளின் விகிதமோ பல.

விகிதங் குலையாது பொருத்தும் முறைகளாகச் சீ.எஸ்.எஸ். என்னும் வடிவமைப்பு மொழி இரண்டினைத் தருகின்றது. 'கவர்' என்பது திரை முழுவதையும் நிரப்பி, மிஞ்சும் பகுதியை மறைத்துவிடும். 'கன்டெய்ன்' என்பது படம் முழுவதையுங் காட்டும். எஞ்சும் இடம் வெறுமையாகும், அன்றேல் அதே படம் மீண்டும் அடுக்கப்படும்.

16:9 விகிதப் படமொன்று, நிமிர்த்திப் பிடித்த 9:16 கைத்தொலைபேசித் திரையை முன்னைய முறையால் நிரப்புமாயின், அதன் 256 பங்கில் 81 பங்கே புலப்படும். வேறு கட்டளை இல்லாவிடின், எஞ்சுவது படத்தின் இடப்புறமே. வலப்புறத்து முகம் மறைந்துபோம். ஆதலின், படத்தின் உயிர்நிலை எங்குளதென்பதை அமைப்போனே குறித்தல் வேண்டும். இழப்பு தவிர்க்கவொண்ணாதது, எதனை இழப்பது என்பதே அவன் தெரிவுக்குரியது.