எட்டுச் சிநேகிதிகளும் ஓர் ஏணியும்

முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்குப் போகிறோம். வாசலில் ஓர் அம்மாள் புன்னகையோடு வரவேற்கிறாள். தன் பெயரைச் சொல்லுகிறாள். நம் பெயரைக் கேட்கிறாள். கேட்ட கையோடு, நிஜப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, கூப்பிடுவதற்கு ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும் என்றும் தானே சேர்த்துக்கொள்ளுகிறாள். இப்படி ஒரு வரவேற்பை வாசகர்கள் எங்கேனும் கண்டதுண்டா?

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில், 1950-களின் பிற்பகுதியில், ஒரு மாதர் சங்கத்தின் கூட்டங்களில் இப்படித்தான் வரவேற்றார்கள். வந்தவர்கள் திருடர்களல்ல, ராஜத் துரோகிகளுமல்ல. ஆபீஸிலும் தொழிற்சாலையிலும் உழைத்துப் பிழைத்த சாதாரண ஸ்திரீகள். அவர்கள்மேல் உலகம் சொன்ன குற்றம் ஒன்றே ஒன்று. பெண்ணாகப் பிறந்து, பெண்ணையே நேசித்தார்கள். இவர்களை லெஸ்பியன்கள் என்பார்கள். சுமார் 2,600 வருஷங்களுக்கு முன் கிரேக்க தேசத்து லெஸ்பாஸ் தீவில் வாழ்ந்த ஸாப்போ என்ற பெண் கவியை வைத்து வந்த பெயர் அது.

பெயரைச் சொல்ல ஏன் அத்தனை பயம்? காரணம் இருந்தது. 1953-ல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் பிறப்பித்த 10450-வது உத்தரவின்படி, இத்தகையவர்களுக்கு மத்திய சர்க்காரில் உத்தியோகம் கிடையாது, இருந்தாலும் போய்விடும். அவர்கள் கூடும் மதுக்கடைகளில் போலீஸார் திடீரென்று நுழைவார்கள். 1956 செப்டம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரே இரவில், ஒரே கடையில், 36 ஸ்திரீகளைக் கைது செய்தார்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போகும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார். குழந்தை இருந்தால் அதுவும் கையை விட்டுப் போகும்.

செருப்பும் ஜன்னலும்

இனி இந்தக் கதையின் இரண்டு முக்கிய பாத்திரங்களைப் பார்ப்போம்.

டெல் மார்ட்டின் 1921-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவிலேயே பிறந்தவர். இளம் வயதில் கலியாணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, பிறகு விவாகரத்தானவர். ஃபிலிஸ் லயான் அவருக்கு மூன்று வயது இளையவர். பெர்க்கிலி சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் படித்துவிட்டு நிருபராக இருந்தவர். சியாட்டில் நகரத்தில், கட்டடத் தொழில் சம்பந்தமான ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் இருவரும் சந்தித்தார்கள். முதல் நாள் டெல் கையில் ஒரு தோல் பையோடு, காரியாலயத்து ஆண்கள் கொண்டுவருவதைப் போல, கம்பீரமாக உள்ளே வந்தார். அப்படி ஒரு பையைத் தூக்கிவரும் பெண்ணை ஃபிலிஸ் அதுவரை பார்த்ததில்லையாம்!

பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில், இந்த விஷயங்களெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று ஃபிலிஸ் கேட்க, நானே அப்படிப்பட்டவள்தான் என்று டெல் சொல்லிவிட்டார். ஃபிலிஸுக்கு ஒரே வியப்பு. காரியாலயத்துத் தோழிகளிடமெல்லாம் போய் அந்தச் சேதியைச் சொல்லியும் விட்டார். ரகசியம் காப்பதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர்!

சிநேகம் 1952-ல் காதலாயிற்று. 1953 பிப்ரவரி 14-ந் தேதி, காதலர் தினத்தன்று, ஸான் பிரான்ஸிஸ்கோவில் காஸ்ட்ரோ தெருவில் ஒரு வீட்டில் குடியேறினார்கள். முதல் வருஷம் சண்டைதான். டெல் செருப்பை நடுக்கூடத்தில் கழற்றிப் போடுவார். ஃபிலிஸ் அதை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிவார். கோபித்துக்கொண்டு வெளியேறப் போகும் ஃபிலிஸுக்கு, நின்று சண்டை போடுவது எப்படி என்று டெல்தான் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்ததாம். 1955-ல் டங்கன் தெருவில் சிறிய வீடு ஒன்றை வாங்கினார்கள். அதன் பிறகு ஜாகை மாற்றவே இல்லை.

வீடு கிடைத்தது, பேச்சுத் துணைதான் இல்லை. தங்களைப் போன்ற வேறு பெண்களை அவர்களுக்கு அனேகமாகத் தெரியாது. அப்போதுதான் டெலிபோன் மணி அடித்தது.

எட்டுப் பேர்

பேசியவர் பிலிப்பைன்ஸ் வம்சத்துப் பெண். நாங்கள் ஆறு பேர் ரகசியமாக ஒரு சங்கம் வைக்கப் போகிறோம், நீங்களும் சேருகிறீர்களா என்று கேட்டார். அவருடைய பெயர் சரித்திரப் புஸ்தகங்களில் இருக்கிறது. ஆனால் அவர் விரும்பியது மறைவைத்தான். ஆகவே நாமும் இங்கே சொல்லாமல் விடுவோம். 1955 செப்டம்பரில் நான்கு ஜோடிகள், எட்டுப் பேர், கூடினார்கள். அவர் கேட்டது பெரிய காரியமல்ல. போலீஸ் பயமில்லாமல், நாலு சுவருக்குள், சிநேகிதிகள் கைகோத்து நடனமாட ஓர் இடம் வேண்டும். அவ்வளவே.

சங்கத்துக்கு 'டாட்டர்ஸ் ஆஃப் பிலீடிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிலீடிஸின் புதல்விகள் என்று பொருள். பிலீடிஸ் என்பவள் 1894-ல் ஒரு பிரெஞ்சு ஆசிரியர் கற்பனையில் படைத்த பெண்; ஸாப்போவின் காலத்தவள் என்பது கதை. விஷயம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். தெரியாதவர்கள் ஏதோ கவிதைச் சங்கம் என்று நினைத்துப் போய்விடுவார்கள். கெட்டிக்காரத்தனமான பெயர்தான்!

ஆனால் எட்டுப் பேருக்குள்ளேயே சீக்கிரம் பிளவு கண்டது. நடனமும் சிநேகமும் போதும், வெளியே தலை நீட்டினால் ஆபத்து என்றது ஒரு கட்சி. எத்தனை நாளைக்கு ஒளிந்திருப்பது, நம் நிலையை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா என்றது இன்னொரு கட்சி. டெல்லும் ஃபிலிஸும் இரண்டாவது கட்சி. ஒரு வருஷத்துக்குள், ஆரம்பித்தவர்களில் பலர் விலகிப் போனார்கள். டெலிபோனில் கூப்பிட்டவரும் போய்விட்டார். யார் சொன்னது நியாயம்? தொழிற்சாலைக் கூலியை நம்பி வாழ்ந்த பெண்ணுக்கு வேலை போனால் அடுத்த வேளைக்கு வழியில்லை. அவளுடைய பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல இந்தக் கட்டுரையாளனுக்கு மனம் வரவில்லை.

ஏணி

1956 அக்டோபரில் சங்கத்தின் பத்திரிகை வெளிவந்தது. 'லாடர்' என்று பெயர், அதாவது ஏணி. 12 பக்கம், சைக்ளோஸ்டைல் செய்த 175 பிரதிகள். கைது செய்யப்பட்டால் ஒருவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்ற விவரம்கூட வெகு சீக்கிரத்தில் அதில் பிரசுரமாயிற்று.

ஆசிரியை 'ஆன் ஃபெர்கூஸன்' என்று போட்டிருந்தது. அப்படி ஒருவர் இல்லை. ஃபிலிஸ்தான் அந்தப் புனைபெயரில் ஒளிந்திருந்தார். சந்தாதாரர் பெயர்கள் பத்திரமாக இருக்கும், பயப்படாதீர்கள் என்று வாசகிகளுக்கு எழுதுகிறவள் தானே ஒளிந்திருந்தால் யார் நம்புவார்கள்? சில மாதங்களிலேயே, ஆன் ஃபெர்கூஸன் இறந்துவிட்டாள் என்று பத்திரிகையில் அறிவித்துவிட்டு, தம் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார். 1957-ல் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அதே 1957-ல் நியூயார்க்கிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. கையெழுத்தாகத் தலையெழுத்துக்கள் மட்டுமே இருந்தன. இப்படி ஒரு பத்திரிகை இருப்பதற்காகச் சந்தோஷப்பட்டு எழுதியிருந்த அவர் யார் தெரியுமா? லொரேன் ஹான்ஸ்பெர்ரி! இரண்டு வருஷம் கழித்து நியூயார்க் பிராட்வே நாடக மேடையேறிய முதல் நீக்ரோ நாடகாசிரியை என்று அக்காலப் பத்திரிகைகள் புகழ்ந்த அதே கறுப்பினப் பெண்மணி. புகழின் உச்சியில், 1965-ல், 34-வது வயதில் காலமானார்.

1960 மே மாதம் சங்கத்தின் முதல் தேசிய மகாநாடு. சுமார் 200 ஸ்திரீகள் வந்திருந்தார்கள். கூடவே போலீஸும் வந்தது! யாராவது ஆண் உடை தரித்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். டெல் அவர்களை மரியாதையாக உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். கவுன், காலுறை, குதிகால் உயர்ந்த செருப்பு சகிதமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

முகம் தெரிந்தது

சங்கத்தின் நியூயார்க் கிளையைத் தொடங்கியவர் பார்பரா கிட்டிங்ஸ். மாணவியாக இருந்தபோது, தான் யார் என்று அறிய நூல்நிலையம் நூல்நிலையமாகத் தேடியவர் அவர். கிடைத்ததெல்லாம் வைத்திய நூல்கள். அவற்றில் அவர் ஒரு வியாதி! 1961-ல், சங்கத்தார் கூடிய ஒரு வனபோஜனத்தில், கே லாஹுஸன் என்ற புகைப்படக்காரப் பெண்ணைச் சந்தித்தார். 46 வருஷம் பிரியவில்லை. 1963-ல் பார்பரா 'ஏணி'க்கு ஆசிரியையானார். அட்டையில் உண்மையான பெண்களின் முகங்களைப் போட வேண்டும் என்று இருவரும் ஆசைப்பட்டார்கள். முகம் கொடுக்கத்தான் ஆளில்லை. 1964-ல் இந்தோனேஷியாவிலிருந்த ஒரு வாசகியின் படம் அட்டையில் வந்தது. அதன் பிறகே மற்றவர்கள் ஒவ்வொருவராகத் துணிந்தார்கள்.

1965-ல் வெள்ளை மாளிகை வாசலில் அட்டை தாங்கி மறியல் நடந்தபோது பார்பராவும் நின்றார். சங்கத் தலைமை அதை விரும்பவில்லை. பத்து வருஷத்துக்கு முன் மற்றவர்களைப் பயந்தவர்கள் என்று கருதிய சங்கம், இப்போது தானே நிதானம் பேசிற்று! 1966-ல் பார்பராவின் ஆசிரியப் பொறுப்பு போயிற்று.

பட்டியல் போன கதை

இதைவிடப் பெரிய அடி 1970-ல் விழுந்தது. சந்தாதாரர் பட்டியல் என்பது அந்தச் சங்கத்தின் உயிர் நாடி. சுமார் 3,800 பேரின் நிஜப் பெயர்களும் விலாசங்களும். போலீஸ் கையில் சிக்காமல் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். கடைசியில் அது போனது போலீஸிடமல்ல. சங்கத் தலைவி ரீட்டா லபோர்ட்டே, டெல்லுக்கும் ஃபிலிஸுக்கும் தெரியாமல் அதை நெவாடா மாகாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஆசிரியை பார்பரா க்ரையர் அவரோடு சேர்ந்து பத்திரிகையைத் தனியாக நடத்தினார். சங்கம் அழிந்தாலும் பத்திரிகை பிழைக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. சங்கத்தின் தேசிய அமைப்பு அந்த வருஷமே கலைந்தது. பணமில்லாமல் 1972-ல் பத்திரிகையும் நின்றது.

எதிரி செய்திருந்தால் வழக்குப் போடலாம்; ஊரைக் கூட்டலாம். சிநேகிதி செய்ததற்கு என்ன செய்வது? வழக்குப் போட்டால் பட்டியலிலுள்ள பெயர்கள் கோர்ட்டில் வந்துவிடாதா! ஒன்று சொல்ல வேண்டும். க்ரையரும் அவர் தோழியரும் 1973-ல் தொடங்கிய நையாட் பதிப்பகம் அந்தப் பட்டியலைக் கொண்டே வாசகிகளைத் தேடிப் பிடித்தது. முப்பது வருஷ காலம் இத்தகைய பெண்களின் கதைகளைப் புஸ்தகமாக்கியது. ஏமாற்றத்தில் விளைந்த நன்மையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பார்பரா கிட்டிங்ஸ் சும்மா இருக்கவில்லை. 1972-ல் மனநோய் வைத்தியர்களின் மகாநாட்டில், தானும் அத்தகையவனே என்று ஒரு வைத்தியரைப் பேச வைத்தார். அந்த டாக்டர் முகமூடி அணிந்து, பெயர் சொல்லாமல்தான் பேசினார். மறு வருஷம், 1973 டிசம்பரில், அமெரிக்க மனநோய் வைத்திய சங்கம் வியாதிகளின் ஜாபிதாவிலிருந்து இதை நீக்கியது. பார்பரா 2007-லும், கே 2021-லும் மறைந்தார்கள்.

இரண்டு கலியாணம்

டங்கன் தெரு வீட்டில் இருவருக்கும் தலை நரைத்தது. 2004 பிப்ரவரி 12-ந் தேதி நகரசபைக் கட்டடத்தில் மேயர் கவின் நியூஸமின் அனுமதியோடு டெல்லுக்கும் ஃபிலிஸுக்கும் கலியாணம் நடந்தது. வயது 83, 79 என்று பத்திரிகைகள் போட்டன. தொடர்ந்து ஒரு மாதத்தில் சுமார் 4,000 ஜோடிகள் மணந்துகொண்டார்கள். ஆறே மாதம், ஆகஸ்டு 12-ந் தேதி கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அத்தனையும் செல்லாது என்றது. ஐம்பது வருஷத்துக்குமேல் சேர்ந்து வாழ்ந்த எங்களுக்குக் காத்திருக்க வயதில்லையே என்று ஃபிலிஸ் வருந்தினார்.

காத்திருந்தார்கள். அதே நீதிமன்றம் 2008-ல் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஜூன் 16-ந் தேதி மறுபடி கலியாணம். டெல் இப்போது சக்கர நாற்காலியில் இருந்தார். முன்பு அணிந்த அதே உடுப்புத்தான்; ஒருவருக்கு ஊதா, மற்றவருக்குப் பச்சை கலந்த நீலம்.

எழுபத்திரண்டாம் நாள், ஆகஸ்டு 27-ந் தேதி, எலும்பு முறிவால் வந்த உபாதையில் டெல் காலமானார். வயது 87. அந்த நவம்பரிலேயே கலிபோர்னியா வாக்காளர்கள் இத்தகைய கலியாணங்களை மறுபடி தடுத்தார்கள். 2013-ல்தான் தடை நீங்கியது. டெல் போகுமுன் கலியாணம் நடந்ததே என்பதுதான் ஃபிலிஸுக்கு ஆறுதல். பதினோரு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்துவிட்டு, 2020 ஏப்ரல் 9-ந் தேதி, 95-வது வயதில் அவரும் தம் வீட்டிலேயே கண் மூடினார்.

இரண்டு கலியாண உடுப்புகளும் நகரத்துக் காட்சிச்சாலை ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. டங்கன் தெரு வீட்டை 2021-ல் நகரசபை பாதுகாக்கப்பட வேண்டிய சின்னமாக அறிவித்தது. தஸ்தாவேஜில் அதன் பெயர் 'லயான்–மார்ட்டின் வீடு'.