ஒரு காது கேட்டால் உதவித்தொகை உண்டா?

ஒரு காது அறவே கேட்காது, மறு காது நன்றாகக் கேட்கும். இவருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைக்குமா? கிடைக்காது. மத்திய அரசின் கணக்கு அப்படி. நல்ல காதின் குறைபாட்டுச் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒன்று 0, மற்றது 100 என்றால் விடை 17-ஐத் தாண்டாது. சட்டப்படியான சலுகைகளுக்கு வேண்டியதோ 40.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரண்டு காதுகளையும் சேர்த்தே பார்க்கிறது. இரண்டிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் கேட்டல் குறைபாடு உடையவர். 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான சோதனை அரசு மருத்துவமனையில். சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டி, மெல்லியதும் கனத்ததுமாக ஒலிகளை அனுப்புவார்கள். கேட்டவுடன் கையைத் தூக்க வேண்டும். 'மெஷின் போட்டால் ஓரளவு கேட்கிறதே, சான்றிதழ் தருவார்களா?' என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். காது மெஷினைக் கழற்றிய பிறகுதான் ஹெட்போனே மாட்டுவார்கள்.

சான்றிதழும் அடையாள அட்டையும் கைக்கு வந்துவிட்டாலும் பணம் தானாக வராது. பலர் ஏமாறும் இடம் இது. மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதக் குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் வேண்டும். 79 வயது வரை மத்திய அரசு தருவது மாதம் 300 ரூபாய். அதை வைத்து ஒரு வாரம் மளிகை வாங்க முடியாது. தமிழக அரசு 40 சதவீதத்தையே போதுமென்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023 ஜனவரியில் 1,500 ஆனது. பிறருக்கான இதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று சட்டத்தின் 24-வது பிரிவு சொல்வதையும் நினைவில் வையுங்கள்.

இ-சேவையில் விண்ணப்பித்த பின் வருமானம், குடும்ப ஆதரவு பற்றி வருவாய்த் துறை விசாரிக்கும். கை கால் நன்றாக இருப்பவரைப் பார்த்து 'இவருக்கு என்ன குறை?' என்று கேட்பது அங்கேதான். சைகை மொழி தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், போனை எடுத்துப் பேசவும் முடியாதவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பது அரசின் பொறுப்பாக வேண்டும். அதுவரை, சைகை தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாகத் தோன்றினால் சும்மா இருந்துவிடாதீர்கள். சான்றிதழை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 59-வது பிரிவு உரிமை தருகிறது.