கறுப்பு மேடு யாருடையது? (மண்ணும் மன்றமும் – 6)

கதிரவெளிக் கரையில் இல்மனைட் என்ற கனிம மணலுக்காக வந்தவர்களையும், அவர்களை மறித்து நின்ற வாகரை மக்களையும் பற்றிப் போன வாரம் எழுதினேன். "கம்பனி தோண்டட்டும், கழிவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்தானே?" என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அதற்கான பதில் கடலுக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடியில் இருக்கிறது.

அங்குள்ள ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை, வேதாந்தா என்ற சுரங்கக் குழுமத்துக்குச் சொந்தமானது. முதலில் அது மகாராஷ்டிராவின் இரத்தினகிரியில் வருவதாக இருந்தது. அங்கே விவசாயிகள் எதிர்க்கவே தெற்கே நகர்ந்தது. 1994இல் முதலமைச்சர் ஜெயலலிதா அடிக்கல் நாட்டினார். மன்னார் வளைகுடாவின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து 25 கிலோமீற்றர் தள்ளியே ஆலை அமைய வேண்டும் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனை போட்டிருந்தது. ஆலை எழும்பியதோ அந்த எல்லைக்கு உள்ளே. பிறகு அதே வாரியம் அதை இயக்கவும் அனுமதி கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உலைக்குள் போகும் செம்புத் தாதுத் தூளில் செம்பு என்பது ஏறக்குறைய கால் பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி இரும்பும் கந்தகமும். கந்தகம் வாயுவாகப் பிரியும், அதைப் பிடித்து அமிலம் ஆக்குவார்கள். இரும்பு மணலோடு சேர்ந்து உருகிக் கசடாகும். ஒரு தொன் செம்புக்குச் சுமார் இரண்டு தொன் கசடு. ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் செம்பு எடுக்கக்கூடிய ஆலை இது, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கையில் அள்ளினால் கறுப்பாக, கண்ணாடி போல மினுங்கும், மணலை விடப் பாரமாக இருக்கும். கப்பலில் துரு உரிக்கவும் பள்ளம் நிரப்பவும் உதவும். ஆகவே கம்பனி அதை விற்றது.

ஆலை மீதான வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. விற்ற கசடு லொறி லொறியாகப் போய், உப்பாற்றை ஒட்டிய தனியார் காணிகளில் கொட்டப்பட்டது. ஆற்றோரத்தில் கறுப்பு மேடு எழும்பியது. மழை வெள்ளம் ஓடும் வழியில் மேடு நின்றால் என்னவாகும் என்று மார்கழி வெள்ளம் கண்ட மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லை. ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே தடுப்பு எங்கே என்று வாரியம் கேட்டது. இது ஆபத்தான கழிவு அல்ல, நாங்கள் விற்றுவிட்டோம், காணியும் எங்களுடையது அல்ல என்பது கம்பனித் தரப்பின் நிலைப்பாடு. படலையைத் தாண்டினால் பொறுப்பும் முடிந்தது என்பதுதான் அதன் பொருள்.

விற்ற சாமானுக்கு விற்றவன் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பது நியாயமான சட்டக் கேள்விதான். ஆனால் கசடு குவிவது செம்பு செய்வதால். செம்பில் வந்த இலாபத்தைக் கைவிடாதவர்கள் கசடை மட்டும் எப்படிக் கைவிட முடியும்?

நீதிமன்றப் படிகளில் இந்த வழக்கு ஏறி இறங்கிய கதை நீளமானது. 1998இலும் 2010இலும் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. இரண்டு முறையும் ஆலை பிழைத்தது. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம், சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்டு என்றது. ஆனாலும் வேலைவாய்ப்பையும் நாட்டின் செம்புத் தேவையையும் எண்ணி மூடும் உத்தரவை நீக்கியது. 2018 ஏப்ரல் 9இல் வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. உப்பாற்றுக் கசடு, ஜிப்சம் குளம், நிலத்தடி நீர் அறிக்கை, ஆபத்தான கழிவுக்கான அனுமதி, காற்றில் ஆர்சனிக் அளவு என ஐந்து காரணங்கள். மே 22இல், ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், மக்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அன்றும் மறுநாளும் பொலிஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஒரு கிழமைக்குள் ஆலைக்குச் சீல் வைத்தார்கள்.

அந்த ஐந்து காரணங்களும் சரியானவை. ஆனால் ஒன்றுகூட அந்த ஏப்ரலில் முளைத்தது அல்ல. கறுப்பு மேடு ஒரே இரவில் எழும்பவில்லை. அது வளர்ந்துகொண்டிருந்தபோதும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பெப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் ஆலையைத் திறக்கக் கேட்ட கம்பனியின் மனுவைத் தள்ளின. 11 இடங்களில் கிடந்த கசடை அகற்றத் தவறியதை உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அதே தீர்ப்பில் அதிகாரிகளின் மெத்தனத்துக்கும் ஒரு குட்டு வைத்தது. என்னைக் கேட்டால் அந்தக் குட்டு போதாது.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு உண்டு. எப்பாவலைப் பொஸ்பேற்றை அமெரிக்கக் கம்பனி ஒன்றுடன் சேர்ந்து தோண்டவும், திருகோணமலையில் பதப்படுத்தவும் அரசாங்கம் ஒப்பந்தம் எழுதப் போனது. விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் வழக்குப் போட்டார்கள். முழுமையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் கூடாது என்று 2000 ஜூனில் நமது உயர் நீதிமன்றம் தடுத்தது. ஒரு லொறி கழிவுகூட வெளியே வராத நேரம் அது. அந்த வழக்கை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

அதற்குள் செங்கலடி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்தனை ஆற்றின் மணலோ, பதுளை வீதிப் பக்கத்துக் கல்லோ, வாகரையின் இல்மனைட்டோ, பெரிய திட்டம் ஒன்றுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், அதைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்ல நமது சட்டம் 30 நாள் தருகிறது. ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. போய்க் கேளுங்கள். அறிக்கையில் எத்தனை பேருக்கு வேலை என்ற பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். கழிவு எங்கே போகும், வாங்குபவர் யார், வாங்கிய பின் அதை அகற்றும் செலவு யாருடையது என்ற பக்கத்தை முதலில் திறவுங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால், இல்லை என்பதையே எழுதிக் கொடுங்கள்.

(தொடரும்)