'பொன்மணி' எடுத்த பத்திராஜ

யாழ்ப்பாணத்து வீடுகளைச் சீதனமும் சாதியும் எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதைப் பூசிமெழுகாமல் சொன்ன தமிழ்ப் படம் 'பொன்மணி'. அதை இயக்கியவர் ஒரு சிங்களவர், தர்மசேன பத்திராஜ.

1943இல் கண்டியில் பிறந்து பேராதனையில் படித்தவர். எழுபதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். திருநெல்வேலியில் 1974இல் தொடங்கிய அந்த வளாகத்துக்குப் பேராசிரியர் கைலாசபதி தலைவராக இருந்த காலம். படிப்பு, நாடகம், இடதுசாரி அரசியல் எல்லாம் ஒரே மேசையில் பேசப்பட்டன. 'பொன்மணி'க்கான ஆட்களும் அந்த வட்டாரத்திலிருந்தே வந்தார்கள். சித்திரலேகா மௌனகுரு நடித்தார். திரைக்கதை காவலூர் இராசதுரையுடையது. இத்தாலியில் டி சிக்கா 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்துக்கு ஆலைத் தொழிலாளி ஒருவரைக் கதாநாயகனாக்கினார் அல்லவா? நடிகரல்லாதவர்களை நடிக்கவைக்கும் அந்தத் துணிச்சல்தான் இங்கும்.

படம் 1977இல் வந்தது. மூத்தவளுக்குப் பேச்சுக்கால் சரிவராமல் இளையவளுக்கு வழியில்லை. சீதனம் சேர்ந்தால்தான் மூத்தவளுக்கே வழி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பொன்மணி வேறு சாதிப் பொடியனோடு போய்விடுகிறாள். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்குப் பழகியிருந்த எங்கள் சனத்துக்கு அதன் நிதானமும் மௌனமும் ஒத்துவரவில்லை. படம் ஓடவில்லை. குறை படத்தில் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தன் வீட்டுக் கதையைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்?

மற்றப்படி பத்திராஜ ஓரிடத்தில் நின்றவரல்லர். வேலையில்லாக் கொழும்பு இளைஞரைப் பற்றி 'அஹஸ் கவ்வ' (1974), மீனவக் கிராமத்துக்குள் நகரத்தார் நுழைவதைப் பற்றி 'பம்பரு எவித்' (1978), உலகப் போரில் கலந்த கிழட்டுச் சிப்பாயைப் பற்றி 'சொல்தாது உன்னெஹே' (1981). தொலைக்காட்சியில் 'கடுல்ல'. பிறகு வங்காள சினிமாவை ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2018 ஜனவரியில் மறைந்தார்.

சிங்கள விமர்சகர்கள் 'பம்பரு எவித்'தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். எனக்கு 'பொன்மணி'தான் மேல். ஒரு சமூகத்துக்குள் வந்து இருந்து, அதைப் புகழவும் இழிக்கவும் இல்லாமல் பார்த்த படம் அது. யாழ்ப்பாணத்தில் இப்போது திரைப்பட விழாக்கள் நடக்கின்றன, குறும்படம் எடுக்கும் பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்களுக்கு 'பொன்மணி'யை நல்ல பிரதியில் போட்டுக் காட்டும் வேலையைப் பல்கலைக்கழகமே முன்நின்று செய்ய வேண்டும்.