ராட்டை நமது, பஞ்சு யாருடையது?

மேடவாக்கத்துக் கணினி ஊழியர் ஒருவர், தம் வீட்டுக் கணக்குக்கு வேண்டிய மென்பொருளைச் செயற்கை அறிவு யந்திரத்தின் துணையால் தாமே செய்துகொள்ளக்கூடிய காலம் இது. ராட்டை சுற்றிய திருப்தி உண்டாகலாம். ஆனால் பஞ்சு யாருடையது?

2018-ல் கூகிள் கம்பெனியார் வெளியிட்ட பன்மொழி ‘பெர்ட்’ மாதிரி, தமிழ் உட்பட 104 பாஷைகளின் விக்கிபீடியாவைப் படித்துத் தேர்ந்தது. படித்தது இன்னதென்று சொன்னார்கள். மாதிரியையும் இலவசமாகத் தந்தார்கள். 2023-ல் ஜிபிடி-4ஐ வெளியிட்ட ஓபன்ஏஐ கம்பெனியாரோ, அதற்குப் புகட்டிய சரக்கின் விவரத்தைச் சொல்ல மறுத்துவிட்டனர். (‘ஓபன்’ என்றால் திறந்தது என்று பொருளாம்!) கூலி வாங்காது தமிழ்க் கட்டுரைகள் எழுதிய தொண்டர்களுக்கு இது நியாயமா?

அதே வருஷம் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழுவினர், 22 இந்திய பாஷைகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரியைப் பயிற்சித் தரவுகளோடு பகிரங்கமாக வெளியிட்டனர். அது மொழிபெயர்க்கும், மென்பொருள் எழுதாது. அதற்கு மேடவாக்கத்து நண்பர் வேறு யந்திரத்தையே நாட வேண்டும். நாடட்டும், தாம் செய்த மென்பொருளையாவது மூலத்தோடு ஊராருக்குத் திறந்து வைப்பாரா?